தலைகீழ்த் தொலைநோக்கி: அகலக் கோண இணைப்பு வில்லையின் வரலாறு

மனிதன் தன் இரு கண்களாலும் ஒருங்கே காணும் பரப்பு மிக அகன்றது. தலையைத் திருப்பாமலே வலப்புறமும் இடப்புறமும் நிகழ்வனவற்றை அவன் ஓரளவு உணர்ந்துகொள்கிறான். காமிராவின் கண் அத்தகையதன்று. தனக்கு அளக்கப்பட்ட கோணத்துக்குள் அடங்கியதை மட்டுமே அது காணும். சிறிய வகுப்பறை ஒன்றில் பத்துப் பேரை வரிசையாக நிறுத்திப் படமெடுக்க முற்படுவோர் பின்னோக்கி நகர்ந்துகொண்டே சென்று, முதுகு சுவரில் முட்டியதும் நின்றுவிடுவர். அப்போதும் வரிசையின் இரு முனைகளிலும் நிற்பவர் படத்துக்குப் புறம்பாகவே இருப்பர்.

இவ்விடர்ப்பாட்டை நீக்க எழுந்ததே அகலக் கோண வில்லை. காம்கோர்டர் எனப்படும் கையடக்க ஒளிப்பதிவுக் கருவியின் முகப்பில் திருகிப் பொருத்தும் இணைப்பு வில்லை அதன் எளிய வடிவம். அத்தகைய இணைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சிறு செயலாகத் தோன்றலாம். ஆயினும் அத்தேர்வில் அடங்கியுள்ள வினா, வில்லை வல்லுநரை நூறாண்டுக்கும் மேலாக அலைக்கழித்த வினாவாகும். காட்சியை அகலமாக்குவதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையைச் செலுத்துவது படத்தின் எப்பகுதி என்பதே அவ்வினா.

நீர் நிறைந்த வில்லை

நிழற்படக் கலை உலகறிய வெளியானது 1839ஆம் ஆண்டு. அடுத்த ஆண்டிலேயே வியன்னாவில் கணிதப் பேராசிரியராக விளங்கிய ஜோசப் பெட்ஸ்வால், மனித உருவங்களைப் படமெடுப்பதற்கென ஒரு வில்லையைக் கணித்து அமைத்தார். மிகுந்த ஒளியை உள்ளே விடும் வில்லை அது. அதன் நடுப்பகுதி தெளிவுமிக்கது, ஓரங்களோ மங்கலானவை. ஒற்றை முகத்தை எடுக்க அது போதும். வீதியையும் கட்டடத்தையும் மக்கள் கூட்டத்தையும் எடுக்க அது போதாது.

1859இல் ஆங்கிலேயரான தாமஸ் சட்டன் என்பார் புதுமையானதொரு வில்லைக்குக் காப்புரிமை பெற்றார். இரு தடித்த கண்ணாடி ஓடுகளுக்கிடையே நீரை நிரப்பி, உருண்டை வடிவில் அமைத்த வில்லை அது. ஏறத்தாழ 120 பாகைப் பரப்பை அது ஒருங்கே காட்டியது. ஆனால் அது தோற்றுவித்த பிம்பம் தட்டையான தளத்தில் தெளிவாக விழவில்லை. ஆகவே படம் பதியும் கண்ணாடித் தகட்டையும் வளைத்தே செய்ய வேண்டியதாயிற்று. வளைந்த தகட்டில் மருந்து பூசுவதும், அதனைக் கழுவுவதும், அதிலிருந்து தாளில் படி எடுப்பதும் எளிய செயல்களல்ல. அகலம் கிடைத்தது, தொழிலாளிக்கு உழைப்பு பன்மடங்காயிற்று.

1900ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் கோர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எமில் வான் ஹோயெக் ‘ஹைப்பர்கான்’ எனும் வில்லையைப் படைத்தார். ஆழ்ந்து வளைந்த இரண்டே கண்ணாடிகள் சுமார் 135 பாகைப் பரப்பைத் தட்டையான தகட்டில் விழச் செய்தன. நேர்கோடுகளும் நேராகவே நின்றன. ஆயின் அங்கே வேறோர் இடையூறு குறுக்கிட்டது. இத்தகைய எளிய வில்லையில், நடுவிலிருந்து விலக விலக ஒளி விரைந்து குறையும். 45 பாகை விலகிய இடத்தில் விழுவது நடுவின் நான்கில் ஒரு பங்கு ஒளியே. 60 பாகையில் பதினாறில் ஒரு பங்கே. ஓரத்துக்குப் போதிய ஒளி கிடைக்கும் வரையில் காத்திருந்தால் நடுப்பகுதி வெளிறிப்போகும்.

இதற்கு அவர்கள் கண்ட தீர்வு வியப்பானது. வில்லையின் முன்னே நட்சத்திர வடிவில் ஒரு சிறு சக்கரத்தைப் பொருத்தினர். ரப்பர்க் குமிழை அழுத்த, அதிலிருந்து பீறிடும் காற்றால் சக்கரம் சுழன்று, நடுவே விழும் ஒளியைத் தடுக்கும். ஓரங்கள் தமக்குரிய ஒளியைப் பெறும். பின்னர்ச் சக்கரத்தை விலக்கி எஞ்சிய நேரத்தில் படத்தை முடிப்பர். ஓரத்தில் இருப்பது விளங்க வேண்டுமாயின் நடுவில் இருப்பது சிறிது நேரம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதை அச்சக்கரம் செயலால் காட்டிற்று.

கோடா, முகமா?

ஒளிக்குறைவை ஒருவாறு வென்றாலும் வெல்ல இயலாத தடை ஒன்று எஞ்சுகிறது. நிலநூல் கற்பிக்கும் ஆசிரியர் அதனை நன்கறிவர். உருண்டையான புவியைத் தட்டையான தாளில் வரையும்போது எங்கேனும் உருக்குலைவு நேர்ந்தே தீரும். 1569இல் மெர்கேட்டர் வெளியிட்ட முறையில் அமைந்த உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஈடானதுபோல் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா அதனைப் போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. அகலக் கோணப் படத்தின் நிலையும் இதுவே. சுற்றிலும் பரந்துள்ள காட்சியைத் தட்டையான சட்டத்துக்குள் விரித்து வைக்கும்போது ஏதேனும் ஒன்று திரிந்தே ஆகவேண்டும்.

நேர்கோடுகளை நேராகவே காட்டும் வில்லையில் சுவரும் தூணும் கதவும் ஒழுங்காகத் தோன்றும். ஆனால் ஓரத்தில் உள்ள உருவங்கள் வெளிப்புறமாக இழுபட்டு அகலும். நடுவிலிருந்து 45 பாகை விலகி வைத்த ஒரு பந்து உருண்டையாகத் தோன்றாது; முட்டைபோல் 1.4 மடங்கு நீண்டு தோன்றும். அங்கே ஒரு முகம் இருப்பின் அதன் கதியும் அதுவே. மற்றொரு வகை வில்லை முகங்களை ஓரளவு இயல்பாக விட்டுவிடும். ஆனால் சுவரையும் தூணையும் பீப்பாயின் பக்கங்களைப் போல் வளைத்துவிடும். கோட்டையும் முகத்தையும் ஒருங்கே காக்கும் வில்லை இல்லை, இருக்கவும் இயலாது. இது செய்வோரின் திறமைக் குறைவன்று. வடிவ கணிதத்தின் விதி.

கலிலியோவின் குழாய்

இனி இணைப்பு வில்லையின் பிறப்பை நோக்குக. 1609இல் கலிலியோ அமைத்த தொலைநோக்கியில் இரு வில்லைகள் இருந்தன: முன்னே ஒரு குவிவில்லை, கண்ணருகே ஒரு குழிவில்லை. அக்குழாயைத் திருப்பிப் பிடித்து மறுமுனை வழியே பார்த்தால் பொருள்கள் சிறுத்துத் தோன்றும், பரப்போ விரியும். வீட்டுக் கதவில் வெளியே நிற்பவரைக் காணப் பொருத்தும் சிறு துளைக்கண்ணாடி இவ்வகையினதே. காம்கோர்டரின் அகலக் கோண இணைப்பும் தலைகீழாக்கிய கலிலியோவின் தொலைநோக்கியே அன்றி வேறன்று.

இவ்வமைப்பின் சிறப்பு யாதெனில், தொலைவிலிருந்து இணையாக வரும் கதிர்கள் இணைப்பைக் கடந்து வெளியேறும்போதும் இணையாகவே செல்கின்றன. எனவே பின்னேயுள்ள காமிராவின் குவியம் மாறுவதில்லை. உட்புகும் ஒளியின் செறிவும் குறைவதில்லை.

இக்கருத்தையே மற்றொரு வழியில் பயன்கொண்டவர் பிரெஞ்சு வானியலறிஞர் ஆன்றி கிரெத்தியன். 1920களின் பிற்பகுதியில் அவர் அமைத்த ‘ஹைப்பர்கோனார்’ எனும் இணைப்பு, உருளை வடிவ வில்லைகளால் காட்சியைக் கிடைமட்டத்தில் மட்டும் பாதியாகச் சுருக்கிப் படச்சுருளில் பதித்தது. திரையிடும்போது எதிர்மாறான இணைப்பு அதனை மீண்டும் விரித்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் அதனைப் போற்றுவார் மிகச் சிலரே. தொலைக்காட்சியின் வளர்ச்சியால் திரையரங்குகள் நலிந்தபோது, அமெரிக்காவின் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் அதனைப் பெற்றுச் சினிமாஸ்கோப் எனப் பெயரிட்டது. 1953இல் ‘தி ரோப்’ எனும் படம் அம்முறையில் வெளிவந்தது.

அகன்ற திரை மக்களைக் கவர்ந்தது. ஆனால் நடிகரின் முகத்தை அண்மையில் எடுத்தபோது அது பக்கவாட்டில் பருத்துத் தோன்றியது. தாளம்மை எனும் நோயால் கன்னம் வீங்கியது போலிருந்தமையால், தொழிலாளர் அந்நோயின் பெயராலேயே அக்குறையைக் குறித்தனர். பின்னர்ப் பனவிஷன் நிறுவனத்தார் எதிரெதிராகச் சுழலும் சிறு வில்லைகளைச் சேர்த்து அதனைத் திருத்தினர்.

கைக்கருவியின் காலம்

1983இல் சோனி நிறுவனம் ‘பீட்டாமூவி’ எனும் கருவியை வெளியிட்டது. காமிராவும் பதிவுப்பொறியும் ஒன்றாய் அமைந்த அக்கருவி பதிவு செய்யும். பதிந்ததை மீண்டும் காட்டாது. மறு ஆண்டில் ஜேவிசி நிறுவனத்தின் சிறு கருவி வந்தது. 1985இல் 8 மில்லிமீட்டர் நாடா வந்தது. 1995இல் சோனியின் விஎக்ஸ்1000 எண்முறை நாடாவுடன் வந்தது. குடும்ப விழாக்களும் பள்ளி விழாக்களும் பதிவாகத் தொடங்கின.

இக்கருவிகளின் ஜூம் வில்லைகள் தொலைவை அண்மையாக்குவதில் வல்லவை. பத்து மடங்கு, இருபது மடங்கு என்று விளம்பரம் செய்யப்பட்டது அதுவே. அகலத்தில் அவை ஏழைகள். விஎக்ஸ்1000 கருவியில் மிகக் குறுகிய குவியத் தொலைவு 5.9 மில்லிமீட்டர்; படம் விழும் தளத்தின் அகலம் ஏறத்தாழ 4.8 மில்லிமீட்டர். பத்தடி தொலைவில் அது காண்பது எட்டடி அகலமே. தோளோடு தோளாக நிற்பவர் ஒருவருக்கு ஒன்றரை அடி வீதம் கணக்கிட்டால் ஐவர் அடங்குவர். 0.7 எனக் குறித்த இணைப்பைப் பொருத்தினால் பதினொன்றரை அடி, எழுவர் அடங்குவர். 0.5 எனில் பதினாறடி, பதின்மர் அடங்குவர். எண் குறையக் குறையப் பரப்பு விரியும். ஓரத்தின் துன்பமும் உடன் வளரும்.

அத்துன்பத்தையே அழகாக ஏற்றவர்களும் உண்டு. சறுக்குப் பலகை விளையாட்டைப் பதிவு செய்த இளைஞர் 1990களில் விஎக்ஸ்1000 கருவியில் செஞ்சுரி ஆப்டிக்ஸ் நிறுவனத்தின் மீன்கண் இணைப்பைப் பொருத்தினர். கருவியைத் தரையோடு தாழப் பிடித்து விளையாடுவோனை ஒட்டியே சென்றனர். வளைந்த படிக்கட்டும் பெருத்துத் தோன்றிய பலகையும் அப்படங்களின் அடையாளங்களாயின. ஓடும் ஒருவனுக்கு அது பொருந்தும். அமர்ந்திருக்கும் பெரியோர் வரிசைக்கு அது பொருந்தாது.

தேர்வு

இவ்வரலாற்றை அறிந்தவர் இணைப்பைத் தேர்ந்தெடுக்கையில் எண்ணை மட்டும் நோக்கமாட்டார். கருவியின் முகப்புத் திருகின் விட்டத்தை முதலில் அறிக. 37, 43, 46, 52, 58 மில்லிமீட்டர் என அது கருவிக்குக் கருவி வேறுபடும். மாற்று வளையத்தால் பெரிய இணைப்பைச் சிறிய திருகில் பொருத்தலாம். சிறிய இணைப்பைப் பெரிய முகப்பில் பொருத்தினால் படத்தின் மூலைகள் இருண்டுபோகும். இடையே வடிகண்ணாடி ஒன்று இருப்பினும் அத்தீங்கு நேரலாம்.

அடுத்து, ஜூம் முழுவதும் பயன்படுமா எனக் காண்க. கலிலியோ முறையில் இரு பகுதிகளும் உடைய இணைப்பு அதற்கு இடந்தரும். குழிவில்லை மட்டுமே உடைய மலிவான இணைப்பும் பெரும்பாலான மீன்கண் இணைப்பும் அகன்ற நிலையில் மட்டுமே தெளிவு தரும். ஜூம் செய்தவுடன் படம் மங்கும். இறுதியாக, செங்கல் சுவர் ஒன்றை நேராக நின்று பதிந்து, அதன் நான்கு மூலைகளையும் காண்க. கோடு எவ்வளவு வளைகிறது, தெளிவு எங்கே கெடுகிறது, ஒளி எங்கே குறைகிறது என்பன விளங்கும். நடுப்பகுதி எல்லா வில்லையிலும் நன்றாகவே இருக்கும். நடுவை நோக்கி விலை கொடுப்பவரே ஏமாறுவர்.

2016இல் எல்ஜி, 2019இல் ஆப்பிள் எனப் பல நிறுவனங்கள் கைபேசியிலேயே தனியோர் அகலக் கோண வில்லையைச் சேர்த்தன. திருகிப் பொருத்தும் இணைப்பின் தேவை சுருங்கியது, வினா சுருங்கவில்லை. 2019இல் கூகுள் ஆய்வாளர் வெளியிட்ட ஒரு முறை, ஒரே படத்தில் முகங்களுக்கு ஒரு கணக்கும் பின்புலத்துக்கு மற்றொரு கணக்குமாக வகுத்து உருக்குலைவைக் குறைக்கிறது. கோடா முகமா எனும் பழைய வழக்கில் அது ஓர் உடன்பாடேயன்றித் தீர்ப்பன்று.

எனவே, பின்வாங்க ஓரடி இடமிருப்பின் எவ்வில்லையினும் அவ்வோரடியே சிறந்தது. இடமில்லையெனில், தேவைக்குப் போதுமான மிகச் சிறிய விரிவையே கொள்க, 0.7 போதுமாயின் 0.5 வேண்டா. வரிசையை நேர்கோடாக நிறுத்தாமல் இரு வரிசையாக்கி நடுவே கூட்டுக. படச்சட்டத்தின் இரு முனைகளிலும் தூணோ சுவரோ நிற்கட்டும். ஆள் நிற்க வேண்டா. படத்தில் இடம் பெற்ற ஒவ்வொருவரும் பின்னொரு நாள் முதலில் தேடுவது தம் முகத்தைத்தான்.