கந்தனும் கல்வராயனும்

ரொட்டி திருடியதற்கு 5 ஆண்டு, சிறையிலிருந்து தப்ப முயன்றதற்கு மேலும் 14. துலோன் சிறையில் 19 ஆண்டு கழித்து வெளியே வந்த ழான் வல்ழானிடம் ஒரு மஞ்சள் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள். 'முன்னாள் கைதி' என்று ஊருக்கெல்லாம் சொல்லும் சீட்டு. அதைப் பார்த்த பிறகு சோறும் படுக்கையும் தர ஆளில்லை. பிரான்ஸிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கெர்ன்சி தீவில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ, 1862-இல் இந்தக் கதையை வெளியிட்டார்.

கதை தமிழுக்கு வந்தது பாண்டிச்சேரி வழியாக. அப்போது அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். அங்கே அரவிந்தர் ஆசிரமத்தில் பல ஆண்டுகள் மௌனவிரதம் காத்த சுத்தானந்த பாரதியார், 'ஏழை படும் பாடு' என்று அதைத் தமிழாக்கினார். கோவை பட்சிராஜா நிறுவனம் அதே பெயரில் 1950-இல் படமாக்கியது. இயக்கியவர் கே. ராம்நாத். வல்ழான் கந்தனானார், நாகையா நடித்தார். பிரான்ஸில் 1934-இலேயே ஒரு படம் வந்திருந்தாலும், ழான் காபென் நடித்த புகழ்பெற்ற பிரெஞ்சுப் படம் 1958-இல்தான் வந்தது. நம் கந்தன் அவருக்கு எட்டு ஆண்டு மூத்தவன்!

விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், கடைசிவரை 'ஜாவர் சீதாராமன்'தான். நாகையாவை யாரும் 'கந்தன் நாகையா' என்று சொல்லவில்லை. துரத்தியவன் பெயர் ஊர் வாயில் நின்றுவிட்டது, திருந்தியவன் பெயர் நிற்கவில்லை. எனக்கு இது சாதாரணமாகப் படவில்லை. இதே கதையின் சாயலில் 1972-இல் வந்த 'ஞான ஒளி' படத்தில் சிவாஜியின் ஆண்டனி, அருண் என்ற பெயரில் திரும்பி வந்தபோதும் அந்தத் துரத்தல் கூடவே வந்தது.

திரையில் பார்த்து அழுத இந்தக் கதையைக் கள்ளக்குறிச்சி பக்கத்துக் கல்வராயன் மலையில் கண்ணெதிரே பார்க்கலாம். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை இது. சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் தாமதமாகத்தான் ஏறின. சாராய ஊறல் அவற்றுக்கு முன்பே பிழைப்பாகிவிட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கொன்றது மெத்தனால், ஆலைகளில் புழங்கும் ரசாயனம். வெல்லமும் பட்டையும் போட்டு மலையில் காய்ச்சும் சரக்கில்லை. மலையில் காய்ச்சுவதும் குற்றம்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் மலைவாசி என்றாலே சந்தேகக் கண்ணோடு பார்த்தார்களே, அது மஞ்சள் சீட்டில்லாமல் வேறென்ன?

திருந்திய மதுவிலக்குக் குற்றவாளிகளுக்குக் கறவை மாடு போன்ற மறுவாழ்வு உதவிகளை அரசு தருகிறது. நல்ல காரியம். நாவலிலும் ஆயர் மிரியேல், தன் வெள்ளிச் சாமான்களைத் திருடியவனைப் போலீஸ் பிடித்து வந்து நிறுத்தும்போது, 'நான் கொடுத்ததுதான்' என்று சொல்லிக் வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுக்கிறார். வல்ழான் ஆளானது அந்த வெள்ளியால் மட்டுமல்ல. பிழைக்கப் போன ஊரில் பாசிமணி செய்யும் தொழிலை வளர்க்க முடிந்தது, சரக்கை விற்கச் சந்தை இருந்தது. கல்வராயனில் மாடு வாங்கியவனுக்குப் பாலை இறக்க வண்டி வர வேண்டும், வண்டி வரச் சாலை வேண்டும். கருணாபுரத்துக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தபோது, அரசிடம் கேட்டதில் அந்தச் சாலையும் ஒன்று.