சீதபேதிக் கிருமி கைமாற்றிய ஆற்றல்

1897-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்தில் 90,000 பேருக்கு மேல் சீதபேதி கண்டு, அவர்களில் ஐந்திலொரு பங்கினருக்கு மேல் மாண்டுபோன காலத்தில், தோக்கியோவில் கிதாசாட்டோவின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த கியோஷி ஷிகா என்னும் இளம் வைத்தியர் அந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். அந்த இனம் இன்றளவும் ஷிகெல்லா என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே கிருமி, அதே தேசத்தாருக்கு, வைத்திய சாஸ்திரம் அதுவரை அறியாதிருந்த ஓர் உண்மையைப் புலப்படுத்திற்று.

உலக யுத்தம் முடிந்ததும் சல்பா மருந்துகள் சீதபேதிக்குத் தாராளமாக வழங்கப்பட்டன. 1952-க்குள்ளாகவே ஷிகெல்லாக்களில் பத்தில் எட்டு அவற்றுக்கு அடங்காதவையாகிவிட்டன. வைத்தியர்கள் ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிகால், டெட்ராசைக்கிளின் ஆகியவற்றை நாடினர். 1955-இல் ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஒரு நோயாளியிடம் கிடைத்த ஷிகெல்லாவோ, சல்பாவையும் சேர்த்து இந்நான்கு மருந்துகளையும் ஒருசேர எதிர்த்து நின்றது.

தற்செயலாக நேரும் மாறுதலால் ஒரு கிருமி ஒரு மருந்தை வெல்வது கோடியில் ஒன்றாகவே நிகழும்; நான்கையும் வெல்லும் மாறுதல்கள் ஒன்றிலேயே கூடிவருவது நம்பத்தகாத அபூர்வம். ஆயினும் ஒரே இடத்திலிருந்து பரவிய நோயில், ஒரு நோயாளியிடம் மருந்துக்கு மடியும் ஷிகெல்லாவும், இன்னொருவரிடம் நான்குக்கும் மடியாத ஷிகெல்லாவும் காணப்பட்டன. இவற்றினும் வியப்பானது, அத்தகைய நோயாளிகளின் குடலில் இயல்பாக வாழும் ஈ. கோலை என்னும் வேறோர் உயிரும் அதே நான்கு மருந்துகளை எதிர்த்ததாகும்.

இதன் உட்பொருளை உணர்ந்த தொமோயிச்சிரோ அகிபாவும் குனிதாரோ ஒச்சியாயும் 1959-இல் தனித்தனியே செய்த சோதனை மிக எளிமையானது. மருந்தை எதிர்க்கும் ஈ. கோலையையும் எதிர்க்க இயலாத ஷிகெல்லாவையும் ஒரே திரவத்தில் கலந்து வளர்த்தபோது, ஷிகெல்லாவும் அவ்வாற்றலைப் பெற்றுவிட்டது. உயிரணுக்களை வடிகட்டி நீக்கிய திரவத்தால் அது நிகழவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தீண்டியாக வேண்டும். மூதாதையரிடமிருந்து மட்டுமே வரும் என்று கருதப்பட்ட மரபுரிமை, இனமும் வேறான அண்டையயலாரிடமிருந்து வந்து சேர்ந்தது! அதைச் சுமந்து சென்றது, கிருமியின் பிரதான மரபணுத் தொகுதிக்குப் புறம்பாக இயங்கும் சிறு மரபணு வளையமே; அதைப் பிளாஸ்மிட் என்பர்.

இம்மகத்தான கண்டுபிடிப்பு ஜப்பானிய மொழியில் வெளியானதால் மேனாட்டார் பலர் அதை அறியாதிருந்தனர். கெய்யோ பல்கலைக்கழகத்தின் த்சுதோமு வாதானாபே 1963-இல் ஆங்கிலத்தில் எழுதிய விரிவான கட்டுரையே அதை உலகறியச் செய்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் 1959-இல் பரவிய சால்மொனெல்லா நோயின் கிருமிகளை ஆராய்ந்த நவோமி தத்தா என்னும் அம்மையார், மருந்தெதிர்ப்பு அங்கும் கைமாறுவதை மெய்ப்பித்திருந்தார். பொறுமையும் கூர்மையும் மிக்க இவ்விருவர் எழுத்தும் பெற்றிருக்க வேண்டிய கவனத்தில் பாதியையும் பெறவில்லை என்பது என் திடமான கருத்து. அதற்குப் பின்னரும் கால்நடைத் தீவனத்தில் மருந்துகளைக் கலப்பது பல தேசங்களில் நெடுங்காலம் நீடித்ததே அதற்குச் சான்று.

தத்தா அம்மையார் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. நுண்ணுயிர்க்கொல்லிகள் பரவலாவதற்கு முன்னர், 1917 முதற்கொண்டு, முர்ரே என்னும் ஆராய்ச்சியாளர் சேகரித்துப் பாதுகாத்த குடற்கிருமிகளை அம்மையாரும் ஹ்யூஸ் என்னும் சக ஆராய்ச்சியாளரும் சோதித்து 1983-இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ நான்கிலொரு பங்குக் கிருமிகளில் கைமாறவல்ல பிளாஸ்மிட்டுகள் இருந்தன. மருந்தெதிர்ப்பு மரபணுக்களோ அவற்றில் இல்லை. வண்டிகள் பழமையானவை, சரக்கு ஏறியதோ நாம் மருந்துகளை அள்ளி வழங்கத் தொடங்கிய பிறகு.

அவ்வண்டிகளில் சரக்கு ஏறுவது இன்னும் நின்றபாடில்லை. புது தில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடனுக்குச் சென்ற ஒரு நோயாளியிடம் கண்டெடுக்கப்பட்டு 2009-இல் விவரிக்கப்பட்ட என்.டி.எம்.-1 மரபணு, கடைசிப் புகலிடமாகப் போற்றப்பட்ட கார்பாபெனெம் மருந்துகளையே சிதைக்க வல்லது. 2010-இல் வெளியான ஆராய்ச்சியில், சென்னை, ஹரியானா, பிரிட்டன் முதலிய இடங்களின் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் அது பெரும்பாலும் பிளாஸ்மிட்டிலேயே அமர்ந்திருக்கக் கண்டனர். ஹரியானாக் கிருமிகளின் பிளாஸ்மிட்டுகள் பிற கிருமிகளுக்குத் தாவவில்லை. சென்னையிலும் பிரிட்டனிலும் எடுத்தவை எளிதில் தாவின.