பிணங்களை இழந்த இசை

ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் ‘டி வால்கியூர’ என்னும் இசைநாடகம் 1870ஆம் ஆண்டு மியூனிக் நகரில் முதன்முதலாக அரங்கேறியது. வடஐரோப்பியத் தொன்மங்களில் வரும் வால்கிரிகள் என்னும் வீரமகளிர், களத்தில் மாண்டவர்களின் உடல்களைக் குதிரைகளில் ஏற்றிக்கொண்டு மலையுச்சியில் வந்து கூடும் காட்சியோடு அதன் மூன்றாம் அங்கம் தொடங்குகிறது. அக்காட்சிக்குரிய முழக்கம், நாடகத்தில் அது நிற்கும் இடத்தில், பிணம் சுமந்து வருவோரின் இசையாகும். திரைப்படம் அதை எடுத்தாண்டபோது வேகத்தையும் ஆரவாரத்தையும் வைத்துக்கொண்டு பிணங்களை விட்டுவிட்டது. திரையில் போர் பெருமிதக் கோலம் பூணுவது பெரும்பாலும் இத்தகைய விடுபடல்களால்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரையும் அதன் பின்விளைவுகளையும் பற்றி டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்கி 1915இல் வெளிவந்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ பேசாப்படம். ஆகவே அரங்கிலேயே இசைக்குழு அமர்ந்து வாசித்தது. அதற்காக ஜோசப் கார்ல் பிரீல் அமைத்த இசைக்கோவையில், கு கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறி அமைப்பினர் குதிரைகளில் பாய்ந்துவரும் கட்டத்துக்கு வாக்னரின் இந்த இசை அமைந்தது. முற்றுகையில் சிக்கித் தவிப்போரையும் அவர்களை மீட்க விரைவோரையும் மாறி மாறிக் காட்டும் தொகுப்பு முறையை கிரிஃபித் இங்கே உச்சத்துக்குக் கொண்டுசென்றார். அம்முறையின் வலிமை, குதிரைகள் எப்போது வந்துசேரும் என்ற தவிப்பைப் பார்வையாளரிடம் மூட்டி, வருவோர் யார், யாரைத் தாக்க வருகிறார்கள் என்ற கேள்வி எழவே இடம் கொடாமல் செய்வதில் இருக்கிறது. வலுவிழந்து மறைந்திருந்த அந்த அமைப்பு அதே ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தில் மீண்டும் தொடங்கப்பட்டது என்பதையும், அதன் ஆள்சேர்ப்புக்கு இப்படம் பயன்பட்டது என்பதையும் மறக்கலாகாது. 1941இல் கிரீட் தீவின் மீது நடந்த வான்வழித் தாக்குதலைக் காட்டிய நாஜி ஜெர்மனியின் செய்திப்படத்திலும் இதே இசை ஒலித்தது.

பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் ‘அபோகலிப்ஸ் நவ்’ (1979) இந்த மரபை அறிந்தே அதைக் கையாண்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உதவ மறுத்ததால், பிலிப்பைன்ஸின் மார்க்கோஸ் அரசு வாடகைக்குக் கொடுத்த ஹெலிகாப்டர்களை வைத்து அந்நாட்டிலேயே படமெடுக்க வேண்டியிருந்தது. அவையோ கிளர்ச்சியாளர்களை எதிர்க்கும் உண்மைப் போருக்காகப் படப்பிடிப்பின் நடுவிலேயே திரும்ப அழைக்கப்பட்டன. படத்தில், வியட்நாம் சிற்றூர் ஒன்றைத் தாக்கச் செல்லும் கர்னல் கில்கோர், எதிரியை அச்சுறுத்துவதற்காக ஹெலிகாப்டரின் ஒலிபெருக்கிகளில் வாக்னரை முழங்கவிடுகிறார். கேமரா வீரர்களோடு உள்ளே அமர்ந்திருப்பதால், கீழே விரையும் கடலும் நெருங்கிவரும் கரையும் தாக்குபவரின் கண்வழியே தெரிகின்றன. திடீரெனக் காட்சி மாறுகிறது: இசை அடியோடு நின்றுபோன அமைதியில் ஒரு பள்ளி முற்றமும் சீருடைச் சிறுவர்களும் தோன்ற, சிறிது நேரத்தில் அதே இசை தொலைவிலிருந்து மெல்லக் காதுக்கு எட்டுகிறது. படத்தின் மிக நேர்மையான கணம் அதுவே. பார்வையாளரை ஹெலிகாப்டரிலிருந்து இறக்கி, குண்டு விழப்போகும் மண்ணில் நிறுத்தும் வெட்டு அது. ஆனால் அந்த அமைதி சில நொடிகளே நீடிக்கிறது. கேமரா மீண்டும் மேலேறியதும் தாளத்தின் வேகம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

அந்த வேகம் படைவீரர்களை எப்படி ஆட்கொண்டது என்பதை அமெரிக்கக் கடற்படைத் தரைவீரராக இருந்த அந்தோணி ஸ்வாஃபோர்டு 2003இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பான ‘ஜார்ஹெட்’ பேசுகிறது; போரை எதிர்க்கும் படங்கள் என்று பிறர் கொண்டாடுபவற்றைத் தம் தோழர்கள் போர்வெறி ஏற்றிக்கொள்ளவே பார்த்ததாக அவர் எழுதுகிறார். அந்நூல் 2005இல் படமானபோது, வளைகுடாப் போருக்குச் செல்லவிருக்கும் வீரர்கள் ஓர் அரங்கில் கூடி, கொப்போலாவின் அந்தக் காட்சியைப் பார்த்து வாக்னரின் மெட்டைக் கூவிப் பாடி, சுடச்சொல்லிக் கூச்சலிடும் கட்டம் அதில் இடம்பெற்றது. அதைத் தொகுத்தவர், 1979இல் அதே கொப்போலா படத்தின் ஒலியை வடிவமைத்த வால்டர் மர்ச்.