ஓடி முடித்தவர்கள் திரும்பி வந்த மைதானம்



எபிரெயர் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தை வாலிபர் கூட்டத்தில் வாசிக்கும்போது, ஓடுகிறவரைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். பாரத்தை இறக்கிவைக்க வேண்டும், பொறுமையோடு ஓட வேண்டும் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தில் வேறு ஆட்களும் நிற்கிறார்கள். தங்கள் ஓட்டத்தை முடித்துவிட்டு, இப்போது ஓடுகிறவர்களைச் சூழ்ந்து நிற்பவர்கள் அவர்கள். அப்படி நின்ற சிலரை நாம் வாழும் இந்த லண்டன் நகரத்தின் வரலாற்றிலும் பார்க்கலாம்.

1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதி வெம்பிளியில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கின. யுத்தம் முடிந்து மூன்று வருடங்களே ஆகியிருந்தன. குண்டு விழுந்த கட்டிடங்கள் பல அப்படியே கிடந்தன. கூப்பனுக்குத்தான் உணவு, பாணுக்கு இருந்த கட்டுப்பாடு அந்த ஜூலை மாதத்தில்தான் நீங்கியது. வீரர்களுக்கென்று புதிதாகக் கிராமம் கட்டப் பணமில்லை. ஆண்கள் அக்ஸ்பிரிட்ஜ், வெஸ்ட் டிரேட்டன் விமானப்படை முகாம்களிலும், ரிச்மண்ட் பார்க் இராணுவ முகாமிலும் தங்கினார்கள். பெண்களுக்குக் கல்லூரி விடுதிகள் கிடைத்தன. துவாயைக்கூட வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள். சுரங்கத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்த அளவு உணவே வீரர்களுக்கும் கொடுக்கப்பட்டது. இந்த நிலையிலும் 59 நாடுகளிலிருந்து நாலாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள்.

இதை நடத்தும் பொறுப்பு யாருடைய தோளில் இருந்தது என்று பார்த்தால், இரண்டு பழைய ஓட்டவீரர்கள் முன்னே வருகிறார்கள்.

ஒருவர் பிலிப் நோயல்-பேக்கர். குவேக்கர் குடும்பத்துப் பிள்ளை. 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் 1500 மீற்றர் இறுதி ஓட்டத்தில், நெரிசலில் சிக்காதபடி தன் நாட்டவரான ஆர்னல்ட் ஜாக்சனுக்கு அருகே ஓடிக் காத்தார் என்று சொல்வார்கள். ஜாக்சன் தங்கம் வென்றார்; நோயல்-பேக்கருக்கு ஆறாம் இடம். முதல் உலக யுத்தம் வந்தபோது துப்பாக்கி தூக்காமல், காயப்பட்டவர்களைச் சுமக்கும் குவேக்கர் அம்புலன்ஸ் அணியை உருவாக்கி நடத்தினார். 1920இல் அண்ட்வேர்ப்பில் அதே 1500 மீற்றரில் வெள்ளி பெற்றார். 1924 பாரிஸ் போட்டியில் பிரித்தானிய ஓட்ட அணிக்குத் தலைவர் அவரே. எரிக் லிடெல் 400 மீற்றரில் தங்கம் வென்றது அந்த அணியில்தான்.

1948இல் நோயல்-பேக்கர் மந்திரி. ஒலிம்பிக் போட்டிகளுக்கு அரசாங்கத்தின் சார்பில் பொறுப்பாக இருந்தவரும் அவரே. வறுமையான நேரத்தில் விளையாட்டு எதற்கு என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஆனால் ஓர் இளைஞன் வருடக்கணக்கில் ஓடிப் பழகிவிட்டு, யுத்தத்தால் 1940, 1944 என்று இரண்டு ஒலிம்பிக்குகளை இழப்பது என்னவென்று ஒரு ஓட்டவீரனுக்குத் தெரியும். பிற்காலத்தில், 1959இல், ஆயுதக் குறைப்புக்காக உழைத்ததற்கு அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஒலிம்பிக் பதக்கமும் நோபல் பரிசும் பெற்ற ஒரே மனிதர் அவர்தான்.

மற்றவர் பேர்லி பிரபு. 1928 அம்ஸ்டர்டாமில் 400 மீற்றர் தடைதாண்டும் ஓட்டத்தில் 53.4 வினாடியில் தங்கம் வென்றவர். இருபது வருடங்களுக்குப் பின் லண்டன் போட்டிகளின் ஏற்பாட்டுக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். அவர் வென்ற அதே ஓட்டத்தில் 1948இல் வெள்ளிப் பதக்கம் பெற்றவர் யார் தெரியுமா? நம் நாட்டு டங்கன் வைற். இலங்கை சுதந்திரம் பெற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒலிம்பிக்குக்கு நாடு அணி அனுப்பியது அதுவே முதல் முறை. வைற் ஓடிய நேரம் 51.8 வினாடி. பேர்லியின் தங்கத்தைவிட வேகம்! தன்னைவிட வேகமாக ஓடுகிறவனுக்கு மைதானம் ஆயத்தம்பண்ணிக் கொடுத்த மனிதர் என்று பேர்லியை நினைக்கும்போது எனக்கு யோவான் ஸ்நானன் நினைவுக்கு வருகிறார்.

மைதானம் ஆயத்தம்பண்ணுவது ஒரு வகை உதவி. பக்கத்தில் போய் உட்காருவது இன்னொரு வகை. 2012இல் ஒலிம்பிக் மறுபடி லண்டனுக்கு வந்தபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் வந்தார்கள், போட்டிகளோ 302. கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் பதக்கமில்லாமல்தான் வீடு திரும்பினார்கள். தோற்ற அன்று இரவு அவர்களோடு யார் பேசுவது?

மாடலின் மானிங் மிம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரி இந்த ஊழியத்தையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்டவர். 1968 மெக்சிகோவில் 800 மீற்றரில் தங்கம் வென்றார். நான்கு வருடங்களுக்குப் பின் மியூனிக்கில் அதே ஓட்டத்தில் இறுதிச் சுற்றுக்கே போக முடியவில்லை. 1988 சியோல் தொடங்கிப் பல ஒலிம்பிக் போட்டிகளில் வீரர்களுக்குச் சாப்ளினாகப் பணிசெய்தார். தங்கம் வென்றவள் என்பதால் வீரர்கள் அவரை மதித்திருப்பார்கள். தோற்றவள் என்பதால்தான் மனம்விட்டு அழுதிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். தேவன் நமக்குத் தரும் ஆறுதல் நம்மோடு நின்றுவிடுவதற்கல்ல, அதே உபத்திரவத்தில் இருப்பவருக்குக் கொடுப்பதற்கே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே, அது இதுதான்.

2012 ஜூலை 27ஆம் திகதி ஸ்ட்ராட்போர்டில் நடந்த தொடக்க விழாவை உங்களில் சிலர் சிறுபிள்ளைகளாக ரீவியில் பார்த்திருப்பீர்கள். ஐந்து ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வென்ற படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவ் தீபத்தோடு மைதானத்துக்குள் வந்தார். அவர்தான் ஏற்றப்போகிறார் என்று பலரும் நினைத்தார்கள். அவரோ அதை ஏழு இளம் விளையாட்டு வீரர்களிடம் கொடுத்துவிட்டார். ஏழு பழைய வீரர்கள் ஆளுக்கு ஒருவராகத் தெரிவுசெய்த பிள்ளைகள் அவர்கள். தெரிவுசெய்தவர்களில் ஒருவர் வட அயர்லாந்தின் மேரி பீற்றர்ஸ். 1972இல் தங்கம் வென்றபின், 1980இலும் 1984இலும் பிரித்தானியப் பெண்கள் ஓட்ட அணிக்கு முகாமையாளராகப் போனவர். பெல்பாஸ்ற்றில் பிள்ளைகள் ஓடிப் பழக ஒரு மைதானம் அமையவும் பணம் சேர்த்தவர். தீபத்தைத் தாங்களே ஏற்றியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றார்கள்.

வாலிபரே, நம் சபைக்கு இது தூரத்துக் கதையல்ல. ஏ லெவல் முடிந்து பல்கலைக்கழகம் போனதும் பலர் ஓய்வுநாள் பாடசாலைப் பக்கம் வருவதில்லை. 'எங்கட காலம் முடிஞ்சுது' என்கிறார்கள். முடிந்தது உங்கள் ஓட்டம். உங்கள் வேலை இப்போதுதான் தொடங்குகிறது. போன வருடம் நீங்கள் பயந்த அதே பரீட்சைக்கு இந்த வருடம் ஒரு தம்பி பயப்படுகிறான். நீங்கள் கேட்ட புள்ளிகள் கிடைக்காமல் போன நாளை நீங்கள் மறக்கவில்லை. அந்த நாள் ஒரு தங்கச்சிக்கு வரப்போகிறது. அப்பா அம்மாவால் சொல்ல முடியாத ஒரு வார்த்தை உங்களிடம் இருக்கிறது: 'நானும் இதில ஓடினனான்.'

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேநீர் குடித்துவிட்டு உடனே புறப்படாதீர்கள். உங்களுக்குப் பின்னால் ஓடி வருகிற ஒருவரைத் தேடிப் பாருங்கள். கர்த்தர் அந்த உரையாடலை ஆசீர்வதிப்பாராக.