கிதாரில் ஒலித்த ஷரீப்

பெங்களூரில் வாழும் தமிழருள் தண்டு மாரியம்மனை அறியாதார் அரியர். தண்டு என்பது படை. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அங்கே படைப் பாசறை அமைத்தபோது, சென்னைப் படையைப் பின்தொடர்ந்து நம் முன்னோர் பலர் அவ்வூரை அடைந்தனர். மேனாட்டு இசையும் அப்பாசறை வழியாகவே வந்தது. கப்பன் பூங்காவின் மேடையில் படையினரின் பாண்டு வாத்தியம் முழங்கிற்று. பிற்காலத்தில் ராக் இசைக்கு இந்நகரம் பெயர் பெற்றதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

ஆயினும் அவ்விசை நெடுங்காலம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடப்பட்டது. 1996-இல் தோன்றிய 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' போன்ற தேர்ந்த குழுவினரும் ஆங்கிலத்திலேயே பாடினர். திறமைக்குக் குறைவில்லை; ஊர் மொழிக்குத்தான் அம்மேடையில் இடம் அரிதாக இருந்தது.

இந்நிலையில் 2008-ஆம் ஆண்டு ரகு தீட்சித் தம் குழுவின் முதல் இசைத் தொகுப்பை வெளியிட்டார். அவர் மைசூரில் வளர்ந்தவர், பரதநாட்டியம் பயின்றவர், நுண்ணுயிரியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். 'அந்தராக்னி' என்னும் அவருடைய பழைய குழு கலைந்து போயிற்று. இசைத்தட்டு நிறுவனங்கள் ஆண்டுக் கணக்கில் அவரை ஏற்கவில்லை. கன்னடமும் இந்தியும் ஆங்கிலமும் கலந்த தொகுப்பை எவரிடம் விற்பது என்ற ஐயம் வணிகருக்கு எழுவது இயல்பே. முடிவில் மும்பைத் திரையிசை அமைப்பாளர்களான விஷால், சேகர் இருவரும் தம் சொந்த நிறுவனத்தின் வாயிலாக அதனை வெளியிட்டனர். திரைப்படம் சாராத தொகுப்புகளுள் அவ்வாண்டு மிகுதியாக விற்றது அதுவே என்று பத்திரிகைகள் எழுதின. திரைப்பாட்டே பாட்டு என்றிருக்கும் நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று.

அத்தொகுப்பில் நம்மை ஈர்ப்பவை சிசுநாள ஷரீப் (1819–1889) இயற்றிய இரண்டு கன்னடப் பாடல்கள். இன்றைய ஹாவேரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இஸ்லாமியக் குடியிற் பிறந்து, கோவிந்த பட்டர் என்னும் அந்தணரைக் குருவாகக் கொண்டவர் ஷரீப். நம் குணங்குடி மஸ்தான் சாகிபுவைப் பயின்றவர்க்கு இவர் அயலாராகத் தோன்றமாட்டார். கூரை ஒழுகும் வீட்டைப் பாடுவார். அவ்வீடு மனிதனே என்பது பிறகு விளங்கும். ஹூக்காவைப் பாடுவார், அதிலும் தத்துவமே புகையும்.

ரகு தீட்சித் மறைந்த புதையலைத் தோண்டி எடுத்தாரல்லர். சி. அஸ்வத் தம் குரலால் ஷரீப்பின் பாடல்களைக் கன்னட வீடுகளிற் பரப்பியிருந்தார். 1990-இல் ஷரீப்பின் வரலாறு திரைப்படமாகவும் வந்தது. பலரும் அறிந்த பாட்டுக்குக் கிதாரும் டிரம்ஸும் துணை சேர்ந்தன, அவ்வளவே. பழைய மெட்டைப் போற்றுவோர்க்கு இது ஒவ்வாது போகலாம். நம் செவிக்குச் சொல் சிதைந்ததாகத் தோன்றவில்லை.

நமக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. கன்னட நாட்டில் இரண்டு நூற்றாண்டுகள் வாழ்ந்தும், கன்னடத்தைக் கடைவீதி மொழியாக மட்டும் கொண்ட தமிழர் நம்மிற் பலர். அவர்தம் பிள்ளைகளோ கிதாரைக் கேட்கப்போய் ஷரீப்பைக் கேட்டுத் திரும்புகின்றனர். குணங்குடியார்க்கு அத்தகைய வாய்ப்பு இன்னும் அவ்வளவாகக் கிட்டவில்லை.

2010-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஜூல்ஸ் ஹாலண்டின் நிகழ்ச்சியில் இக்குழுவினர் பாடினர். அதன்பின் பிரிட்டனிலும் அத்தொகுப்பு நன்கு விற்றது. 2011-இல் 'சாங்லைன்ஸ்' என்னும் இங்கிலாந்து இசை ஏடு புதுக் கலைஞருக்கான பரிசை ரகு தீட்சித்துக்கு வழங்கியது. ஷரீப் மறைந்து அப்போது 122 ஆண்டுகள் ஆகியிருந்தன.