மின்கட்டணமும் கடிகாரமும்



வெளிநாட்டில் வாழும் நம் உறவினர்கள் சிலர், "துணி துவைக்கும் மெஷினை இரவு பதினொரு மணிக்கு மேல்தான் போடுவோம், அப்போதுதான் கரண்ட் மலிவு" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரே யூனிட்டுக்கு மாலையில் ஒரு விலை, நள்ளிரவில் ஒரு விலை. நம் தாகேதா வீட்டு பில்லில் இந்த நேரக் கணக்கு கிடையாது. இதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1892-ல் இங்கிலாந்தின் பொறியாளர் ஜான் ஹாப்கின்சன் ஒரு கணக்கை எடுத்துச் சொன்னார். மின் நிலையத்தின் செலவு இரண்டு வகை. எரிபொருள் செலவு ஓடும்போது மட்டும் வருவது. கட்டிடத்துக்கும் இயந்திரத்துக்கும் போட்ட முதல், ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிற்பது. கோயில் திருவிழா அன்னதானத்துக்கு வாங்கிய பெரிய அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் சமையலுக்காக வருடம் முழுவதும் அது கவிழ்ந்து கிடக்கும். ஊரே ஒன்றாக விளக்குப் போடும் மாலை நான்கு மணி நேரத்துக்காக வைக்கும் இயந்திரமும் அப்படித்தான். ஆகவேதான் அந்த நேரத்து யூனிட் விலை அதிகம்.

இங்கிலாந்தில் 1978-ல் 'எகானமி 7' திட்டம் வந்தது. அதன்படி இரவில் ஏழு மணி நேரம் மலிவு விலை. இலங்கையில் 2015-ல் குறிப்பிட்ட வகை இணைப்புள்ள வீடுகள் விரும்பினால் சேரும்படி நேரக் கட்டணம் வந்தது. மாலை 6.30 முதல் 10.30 வரை உச்ச நேரம். அதன் பிறகு காலை 5.30 வரை மலிவு. இந்தியாவும் 2023-ல் இதற்கு விதி வகுத்தது. இதற்கெல்லாம் நேரத்தைப் பிரித்து எழுதும் மீட்டர் வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். 1906-ல் ரங்கூனில் மின்சார டிராம் ஓடியது. 1941 டிசம்பரில் யுத்தம் வந்தது. நம் முன்னோர் பலர் கால்நடையாகவே இந்தியாவுக்குப் போனார்கள். அந்த யுத்தத்துக்கு நஷ்டஈடாக 1954-ல் ஜப்பான் செய்த ஒப்பந்தத்தில் பிறந்ததுதான் லாபித்தா நீர்மின் நிலையம். 1960-ல் அது இயங்கத் தொடங்கியது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1959-ல், தாகேதா புறநகராக உருவானது. 1990-ல் இங்கேயே எரிவாயு மின் நிலையமும் வந்தது.

ஆனாலும் வீட்டுக் கட்டணம் அளவைத்தான் பார்த்தது, நேரத்தைப் பார்க்கவில்லை. 2014 கட்டணப்படி முதல் 100 யூனிட்டுக்கு 35 கியாட், அடுத்த 100-க்கு 40 கியாட். ஆக 200 யூனிட்டுக்கு 7,500 கியாட். 2019 ஜூலையில் படிகள் ஏழாயின. முதல் 30 யூனிட் மட்டும் 35 கியாட்டில் நின்றது. 150-க்கு மேல் 200 வரை யூனிட் 120 ஆனது. அதே 200 யூனிட்டுக்கு அப்போது 17,550 கியாட் ஆனது. 2024-ல் மறுபடியும் உயர்ந்தது. இந்தப் படிக்கட்டணத்தில் மாலை ஏழு மணி யூனிட்டும் நள்ளிரவு யூனிட்டும் ஒன்றுதான்.

அப்படியானால் மாலை நேர நெருக்கடியை எப்படிச் சமாளித்தார்கள்? லைனை அணைத்துத்தான். தாகேதாவிலும் தன்லியினிலும் இறக்குமதி எரிவாயுவில் ஓடிய நிலையங்கள் 2021-ல் நின்றன. அதன் பிறகு முறைவைத்து மின்வெட்டு கடுமையானது. கரண்ட் வரும் நேரத்துக்காக நடுராத்திரியில் விழித்து மோட்டார் போட்டு, அரிசி களைந்து வைக்கும் நம் வீட்டுப் பெண்களை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தில் அந்த நேரத்துக்குச் சலுகை கொடுக்கிறார்கள். இங்கே முழு விலையும் கொடுத்து, தூக்கத்தையும் கொடுக்கிறோம்.

உச்ச நேரத்துக்கு விலை எங்கும் உண்டு, நேயர்களே. பில்லில் எழுதாத ஊரில் அது வேறு வழியாக வசூலாகிறது. மெழுகுவர்த்தி, பேட்டரி, ஜெனரேட்டர் எண்ணெய் ஆகியவற்றின் செலவை ஒரு மாதம் தனிப் பக்கத்தில் எழுதி, மின் பில்லோடு கூட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டின் உண்மையான மின்கட்டணம் அந்தக் கூட்டுத்தொகைதான்.