கில்ட்டுக்கு ஏற்ற சட்டை எது?

ஸ்காத்லாந்து மலைநாட்டாரின் கில்ட் என்னும் இடுப்பாடையோடு எச்சட்டை பொருந்தும் என இன்று வினவுவோர் பலர். வரலாற்றிலோ சட்டையே முந்தியது. 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் 'லேனெ' என்னும் நீண்ட லினன் சட்டையை அணிந்தனர். வசதியுடையோர் அதற்குக் குங்குமப்பூ மஞ்சள் ஏற்றுவர். அதன்மேல் போர்த்திய கம்பளியே பின்னர் இடைவாரால் இறுக்கப்பட்டுக் கில்ட் ஆயிற்று.

1544இல் லாக்கி ஏரிக்கரையில் பிரேசர் குலத்தாரும் மக்டொனால்டு குலத்தாரும் பொருதனர். கோடை வெம்மையால் போர்வையை எறிந்துவிட்டுச் சட்டையோடு போரிட்டமையின் அது 'சட்டைப் போர்' எனப்பட்டது என்பர். சதுப்புநிலத்தைக் குறிக்கும் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பாரும் உளர். எனினும் கதையே மக்கள் நாவில் நிலைத்தது.

ஸ்டூவர்ட் மரபினர்க்காக எழுந்த கிளர்ச்சியை ஒடுக்கிய அரசு, 1746இல் மலைநாட்டு ஆடையைத் தடுத்துச் சட்டமியற்றியது. முதற்குற்றத்துக்கு 6 மாதச் சிறை. மீண்டும் உடுத்தால் 7 ஆண்டு நாடுகடத்தல். கில்ட் குற்றமாயிற்று, சட்டை தப்பியது! 1782இல் தடை நீங்கியும் பெரும்பாலோர் கில்ட்டை அன்றாட உடையாக மீண்டும் ஏற்கவில்லை. 1822இல் எடின்பரோ வந்த நான்காம் ஜார்ஜ் மன்னர் அதனை அணிந்தபோது அது விழாக்கோலமாகிவிட்டது. கோட்டுக்குள் அணியும் வெள்ளைச் சட்டை அக்கோலத்தோடு சேர்ந்ததே.

கழுத்தில் கயிறு கோத்த சட்டையை அக்கிளர்ச்சியாளரின் பெயரால் 'ஜாக்கோபைட் சட்டை' என்று இன்று விற்கின்றனர். அவர்கள் அணிந்த சட்டையின் கழுத்தில் இருந்ததோ பொத்தான்.